கழுவிக் கவிழ்த்த ஜாடி

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். சமையல் மேடையில் என் கண்ணாடி ஜாடி கவிழ்ந்திருந்தது. பளபளவென்று கழுவி, கீழே துணி விரித்து, பக்கத்தில் மூடியையும் காயவைத்திருந்தான் பாபு. என் கணவனிடம் உள்ள நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று. எதை எடுத்தாலும் கழுவி வைத்துவிடுவான்.

அந்த ஜாடிக்குள் செப்டம்பரிலிருந்து பழம் ஊறிக்கொண்டிருந்தது. திராட்சை, பேரீச்சை, செர்ரி, சர்க்கரைப்பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ரம் ஊற்றி, அலமாரியின் பின்பக்கம் இருட்டில் வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துக் குலுக்கி வைப்பேன். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் ஒரு மாத்திரை கம்பெனியின் லேபில் வேலை எனக்கு. யாரோ எழுதிவைத்த அளவுக்கு நிறுத்து, யாரோ சொன்ன நேரத்துக்குக் குலுக்குவதுதான் நாள் முழுக்க என் பிழைப்பு. எனக்காக நான் குலுக்கியது அந்த ஒரு ஜாடியைத்தான்.

பாபு ஹாலில் உட்கார்ந்து ஸ்டார் விளக்கின் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"பழம் எங்க?" என்று கேட்டேன்.

"ஷர்மி, நீ முதல்ல உக்காரு."

"உக்காரச் சொல்றவங்க யாரும் நல்ல சேதி சொன்னதில்ல. பழம் எங்க பாபு?"

"அம்மா கேக்ல போட்டுட்டோம்," என்றான். கூடவே ஒரு சிரிப்பு. தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கும்போதெல்லாம் அவன் முகத்தில் வரும் சிரிப்பு அது. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். இப்போது பார்த்தால் கையில் இருப்பதை எடுத்து அடிக்கலாம் போல இருக்கிறது.

என் மாமியாரின் கேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செகந்திராபாத்தில் ரயில்வே காலனியைச் சுற்றியிருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலர் கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் சுடுவதில்லை, கடையில் வாங்குவதும் இல்லை. மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, பழம் என்று எல்லாவற்றையும் கூடையில் கட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள். டிசம்பரில் அங்கே டோக்கன் போட்டு வரிசை நிற்கும். முறை வந்ததும் நம் கண்ணெதிரிலேயே நம் மாவை அடித்து, தகர அச்சுகளில் ஊற்றி, பெயர்ச் சீட்டு வைத்து, விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். சாயங்காலம் போய் வாங்கி வர வேண்டும். பேக்கரியில் வெந்தாலும் அது வீட்டுக் கேக்தான். யாருடைய கேக் என்று கேட்டால் பழத்தை ஊறவைத்தவரின் பெயரைச் சொல்வார்கள்.

லலிதா அத்தையின் கேக் அந்த வட்டாரத்தில் பேர் போனது. துண்டு போட்டுப் பொட்டலம் கட்டி, பாஸ்டர் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டு பாய் வரைக்கும் அனுப்புவார். கொண்டுபோய்க் கொடுப்பது வருஷா வருஷம் பாபுவின் வேலை. அத்தை பழத்தைத் திராட்சை ஜூஸில்தான் ஊறவைப்பார். ரம், ஒயின் எதுவும் அந்த வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அத்தை இருமல் மருந்தைக்கூட என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அவருடைய சபையும் அப்படித்தான், குடி என்றால் ஆகவே ஆகாது.

இந்த வருஷம் டோக்கன் கிடைத்த அன்று காலையில் டப்பாவைத் திறந்தால், ஊறவைத்த பழத்தின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. அத்தை பாபுவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். பாபு லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பாதி வேலையில் பர்மிஷன் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, என் ஜாடியைத் தூக்கிக்கொண்டு செகந்திராபாத்துக்குப் பறந்திருக்கிறான்.

"எனக்கு ஒரு போன் பண்ணிக் கேக்கத் தோணலையா?"

"நீ லேப்ல இருப்பே, போன் எடுக்க மாட்டே. அம்மா அழுதாங்க ஷர்மி."

"நான் அழுதா என்ன பண்ணுவே?"

"நீதான் அழ மாட்டியே," என்றான்.

அழாதவளுக்கு ஜாடி இல்லை என்று ஆகிவிட்டது.

"அதுல ரம் இருக்குன்னு அத்தைக்குத் தெரியுமா?"

"நக்கோ ஷர்மி, தயவுசெஞ்சு சொல்லிடாதே. திராட்சை ஜூஸ்னு சொல்லியிருக்கேன். தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாங்க."

வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் நக்கோ என்பார்கள். சின்னக் குழந்தைகூடச் சொல்லும். பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத் என்றாலும் பாபு அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாமல் சொல்லாமல் சேர்த்துவைத்து, அன்றைக்கு என்னிடம் சொன்னான்.

ஒரு ஜாடிப் பழத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கல்யாணமானதிலிருந்து எங்களுக்கென்று ஒரு கிறிஸ்துமஸ் இருந்ததில்லை. காலையில் மெட்டுகுடா சர்ச், மதியம் அத்தை வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு பைக்கில் ஏறி மல்லாபூரில் என் அம்மா வீட்டுக்குப் போய் இன்னொரு சாப்பாடு. இங்கே ஏன் சீக்கிரம் கிளம்புகிறீர்கள் என்பார்கள், அங்கே ஏன் இவ்வளவு லேட் என்பார்கள். ராத்திரி பட்டான்செருவுக்குத் திரும்பினால் எங்கள் வீட்டு வாசல் இருட்டாக இருக்கும். அந்த ஸ்டார் விளக்கை வாங்கிய பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் ஏற்றியதில்லை.

அதனால் இந்த வருஷம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். ஓவன் வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் வீட்டில், என் மேசையில், நான் செய்த கேக்கை வெட்ட வேண்டும். இது ஷர்மிளா செய்தது என்று பாபு தன் வாயால் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

அழைத்தபோதே அத்தை, ஆமாம் என்பதற்கு இந்த ஊரில் சொல்லும் ஹவ் போட்டு, "ஹவ் மா, வரோம். கேக்கை மட்டும் நான் கொண்டு வந்துடறேன்," என்றார். பாபு, "சரிம்மா," என்றான். போனை வைத்ததும், கேக் நான் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். "சரி ஷர்மி," என்றான். இரண்டு பக்கமும் சரி. லிஃப்டுக்குள் எந்தப் பட்டனை யார் அமுக்கினாலும் விளக்கு எரிவது போல.

மறுநாள் கடைக்குப் போய்ப் புதிதாகப் பழம் வாங்கி வந்தேன். செப்டம்பர் பழத்தை டிசம்பர் கடைசியில் எங்கே வாங்குவது? ஆரஞ்சு ஜூஸைச் சூடாக்கி அதில் போட்டு, ஊறியும் ஊறாமலும் வடித்து எடுத்தேன். ஈரப் பழத்தை மைதாவில் புரட்டித்தான் மாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இறங்கிவிடும். எனக்குத் தெரியாததில்லை. ஆத்திரத்தில் அப்படியே கொட்டிவிட்டேன். பாபு சமையலறை வாசலில் நின்று, "ஏதாவது கழுவணுமா?" என்று கேட்டான். போய்விடு என்று மட்டும் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் எல்லோரும் வந்தார்கள். செகந்திராபாத்திலிருந்து லலிதா அத்தை, நாத்தனார் ஜலஜா, அவள் மகள் தேஜஸ்வினி. ஜலஜா அண்ணியின் வீட்டுக்காரர் தெலுங்குக்காரர். அவருக்கு அன்றைக்கு டூட்டி. மல்லாபூரிலிருந்து என் அம்மா ஸ்டெல்லா வந்திருந்தார்.

வந்த அரை மணி நேரத்துக்குள், பட்டான்செரு எவ்வளவு தூரம், வரும் வழியில் எவ்வளவு டிராஃபிக், இங்கே காற்றில் என்ன இப்படி ஒரு மருந்து நெடி என்று எல்லாம் பேசி முடித்தார்கள். நான் செய்த மட்டன் பிரியாணியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகள் காலியானதைப் பார்த்து நானே நல்லபடியாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு பாபு கேக்குகளைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். யாரையும் நோகடிக்கக் கூடாதாம்.

அத்தையின் கேக் கறுப்பாக, ஈரமாக, மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க மணத்தது. என் கேக் நடுவில் வெடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் பழமெல்லாம் கீழே போய் உட்கார்ந்திருந்தது, பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு ஓடும் காலேஜ் பையன்களைப் போல.

அத்தையின் கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டேன். நான் நறுக்கிய ஆரஞ்சுத் தோல் பல்லில் பட்டது. கடையில் கிடைப்பது பெரிது பெரிதாக இருக்கிறதென்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக நறுக்கியது. எனக்கு அழுகை வரவில்லை.

"அம்மா, இந்த வருஷம் என்னம்மா போட்டே? எப்பவும் விட நல்லாருக்கு," என்றாள் ஜலஜா அண்ணி.

"சம்பந்தி கைக்கு ஈடு உண்டா," என்றார் என் அம்மா. என்னைப் பெற்ற அம்மாதான்.

தேஜஸ்வினி தட்டை நீட்டி, "அம்மம்மா, இன்கொக்க பீஸ் காவாலி," என்றது. தமிழில் எது கேட்டாலும் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். அத்தை இன்னொரு துண்டு வைத்தார். என் கேக்கை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அத்தை மட்டும் என் கேக்கில் ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார். "பரவால்ல மா, முதல் தடவைதானே," என்றார். "பழம் அடியில போயிடுச்சு. அடுத்த வருஷம் என் பழத்துலேந்து கொஞ்சம் தர்றேன். போட்டுப் பாரு, நல்லா வரும்."

என்னிடம்தான் சொன்னார். பார்வை மட்டும் பாபுவின் மேல் இருந்தது. மகனை ஆமாம் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நானும் பாபுவைப் பார்த்தேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு யார் தருவார்கள்? ரம்மைப் பற்றிப் பேசவே வேண்டாம். அம்மா, அது ஷர்மியோட பழம் என்று ஒரு வரி போதும். நான் மிச்சத்தை மன்னித்துவிட்டிருப்பேன்.

பாபு சிரித்தான். "ஆமா ஷர்மி. அம்மா கைப்பக்குவமே வேற. கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கலாம்," என்றான்.

என் அம்மா வேறு தன் பங்குக்கு, "பெரியவங்ககிட்ட கத்துக்கறதுல தப்பில்லடி," என்றார்.

தட்டைக் கீழே வைத்தேன்.

"அத்தை, அது உங்க பழம் இல்ல," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "செப்டம்பர்ல நான் ஊற வெச்சது. திராட்சை ஜூஸ்ல இல்ல, ரம்முல. பாட்டிலை வாங்கிட்டு வந்ததும் உங்க பிள்ளைதான், என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போனதும் உங்க பிள்ளைதான்."

ஜலஜா அண்ணி மெல்லுவதை நிறுத்திவிட்டு மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரம்மா? டேய் பாபு, இவ மூணு பீஸ் தின்னுட்டாடா," என்றாள்.

என் அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். பாபு எழுந்துகொண்டான். "அம்மா, அது வந்து... பேக்கரியில அவசரத்துல..."

"எனக்குத் தெரியும்," என்றார் அத்தை.

பாபு அப்படியே நின்றான்.

"நீ மூடியைத் திறந்தப்பவே தெரியும். முப்பது வருஷம் அந்த வாடையோட குடுத்தனம் பண்ணவ நான். எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாவுல கொட்டிட்டே. பின்னால அத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க. என்னடா இதுன்னு கேட்டேன். திராட்சை ஜூஸ்னு சொன்னே."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னுதான். கேக் வாங்க வந்தப்ப சொல்லுவேன்னு பாத்தேன். பொட்டலத்தையெல்லாம் பைக்ல மாட்டிக்கிட்டு பாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினியே, அப்பவாவது சொல்லுவேன்னு காத்துக்கிட்டே நின்னேன். நீ சிரிச்சுக்கிட்டே போயிட்டே." அத்தை மடியில் விழுந்த கேக் துணுக்கைப் பொறுக்கித் தட்டில் போட்டார். "இப்பகூட இவளை அப்படிச் சொன்னது எதுக்கு? பொண்டாட்டி முகம் வாடறதைப் பாத்தாவது உன் வாய் திறக்குதான்னு பாக்கத்தான். அப்பவும் கைப்பக்குவம்னு சொல்றே."

அத்தை தட்டைத் தள்ளி வைத்தார்.

"உங்கப்பா பாட்டிலைத் துணி பீரோக்குள்ள வெச்சுட்டு வந்து இப்படித்தான் சிரிப்பாரு. கேட்டா ஒண்ணுமில்ல லலிதாம்பாரு. அவர் குடிச்சதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்டா. அந்தச் சிரிப்பைத்தான் என்னால தாங்க முடியல."

பாபுவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவனைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. அம்மாவும் பிள்ளையும் பரீட்சை வைத்துக்கொள்வதற்கு என் பழம்தான் கிடைத்ததா? நாக்கு நிற்கவில்லை.

"அவரைச் சோதிக்கறதுக்கு வாட வைக்க என் முகம்தான் கிடைச்சுதா அத்தை?"

என் அம்மா இன்னொரு முறை கிள்ளினார். அத்தை என்னைப் பார்த்தார்.

"தப்புதான் மா," என்றார். பாபுவின் பக்கம் திரும்பி, "போனை எடு," என்றார்.

"யாருக்கும்மா?"

"முதல்ல பாஸ்டரம்மாவுக்கு. அவங்க வீட்டுல கையால தொடாத வஸ்து. என்னை நம்பித் தின்னிருக்காங்க. யார் யார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தியோ, அத்தனை பேருக்கும் நீயே சொல்லு."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கா?"

"கேக்கைக் கிறிஸ்துமஸுக்குத்தானே குடுத்தே."

பாபு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். நான் தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே இருந்தால் யாரையாவது இன்னும் ஏதாவது கேட்டுவிடுவேன். பால்கனியில் பேசுவது சமையலறை ஜன்னல் வழியாக அப்படியே கேட்கும்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ் ஆண்ட்டி. பாபு பேசறேன். அம்மாவோட கேக்..."

"யாரோட கேக்?" என்றார் அத்தை ஹாலில் இருந்தபடியே. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"என் வைஃப் ஊற வெச்ச பழம் ஆண்ட்டி," என்றான். "ஷர்மிளா. அவகிட்ட கேக்காம நான் எடுத்துட்டேன். அதுல ரம் போட்டிருந்தா. அம்மாகிட்ட ஜூஸ்னு பொய் சொல்லிட்டேன்." பிறகு நெடுநேரம் அந்தப் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் போல. "ஹவ் ஆண்ட்டி. ஹவ். தப்புதான். இல்ல ஆண்ட்டி, அம்மாவுக்குத் தெரியாது... தெரியும் ஆண்ட்டி. அவங்க நான் சொல்லட்டும்னு இருந்தாங்க."

நான் கேட்டது இதைத்தான். இது ஷர்மிளா செய்தது என்று பாபு தன் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். சொல்லிவிட்டான். பால்கனிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு, அம்மா அதட்டிய பிறகு, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான். என் மேசையில் என் கேக் வெடித்தபடியே இருந்தது. ஜாடி காலி. இனி அடுத்த செப்டம்பரில்தான். எனக்குக் கோபம் துளியும் தீரவில்லை. தட்டுகளைத் தேய்த்த தேய்ப்பில் பூ டிசைன் போய்விடும் போல இருந்தது.

அடுத்த நம்பருக்கு அடித்தான். ரிங் போகும் சத்தம் கேட்டது. ஹாலில் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நான் குழாயை மூடினேன்.

"அங்கிள், பாபு பேசறேன். கேக் சாப்ட்டீங்களா?" என்றான். மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. "அது அம்மாது இல்ல அங்கிள். ஷர்மிளாவோட பழம். சொல்லாம எடுத்தது நான்."

இந்த முறை யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். குழாயைத் திறக்கவில்லை. மிச்சத் தட்டுகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, ஹாலுக்குப் போய் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து என் கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். போனெல்லாம் முடித்துவிட்டு அவன் வந்து கழுவட்டும். கழுவுவதில்தான் கெட்டிக்காரனாயிற்றே.